பிரேக் பிடிக்குதா?

நான் பெண் பார்க்கப் போன அன்று, பெண் முதலில் பார்த்தது என் வண்டியைத்தான். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளி அவர்கள் ஊர். அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு என் பழைய ஸ்கூட்டரில் போனவன், அவர்கள் வாசலைத் தாண்டி வேலியில் முட்டித்தான் நின்றேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கேசரியும் மிக்சரும் முடிந்ததும், ‘ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கட்டும்’ என்று எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். அங்கே அவளுடைய அப்பா சின்னானின் டிராக்டரை யாரோ ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அந்த இரைச்சலில் முத்துமீனா நிமிர்ந்து பார்த்து என்னவோ கேட்டாள். என் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

“…பிடிக்குதா?”

எவ்வளவு தைரியமான பெண் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. “ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நான் ஸ்கூட்டரக் கேட்டேன். வேலியில போய் முட்டுனீங்கள்ல? பிரேக் பிடிக்குதா, இல்லையா?”

நான் தமிழாசிரியன். பெயர் தமிழ்மாறன். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவன். அன்றைக்கு ஒரே சொல்லில் என்னைக் கவிழ்த்துவிட்டு, அவள் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் என் ஸ்கூட்டரின் பிரேக்கைச் சரிசெய்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் வண்டிக்குப் பெண் வேலை பார்த்த கதையை அம்மா இன்றைக்கும் ஒரு கல்யாண வீடு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது நாங்கள் மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறோம். முத்துமீனா பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர். முப்பத்தாறு வயது. அதிகம் பேச மாட்டாள். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, பிறகு சொந்தமாக இரண்டு ஏக்கர் கண்டவர்கள். ‘நம்ம பொருள நாமதான் பாத்துக்கணும்’ என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாடம்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அவள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். எங்கள் தெருவில் ஓடும் வகை இல்லை. அறுநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர், கருநீலம். கவிழ்ந்து படுத்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டி. ஏற்கெனவே ஒருவர் ஐந்து வருடம் ஓட்டியது. தெருவில் முதல் தடவை அது உறுமியபோது எதிர்வீட்டு சீனியம்மாள் அக்கா, “எத்தா, இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு எங்க போகப் போற?” என்று கேட்டார். “காலேஜுக்குத்தாங்க்கா” என்றாள் இவள். உண்மைதான். வீட்டிலிருந்து கல்லூரி மூன்று கிலோமீட்டர்.

முதல் சர்வீஸுக்கு ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். ஆயில் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி, புரியை நாசமாக்கிக் கொடுத்தார்கள். அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் நானூற்றுச் சொச்சம் பக்கத்தையும் அச்செடுத்து, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பைண்டு போட்டுக் கொண்டுவந்தாள். நான் இலக்கணம் படித்த சிரத்தையில் பாதி அவள் அதற்குக் காட்டியதுபோல இருந்தது என்று எழுதினால் பொய். இரண்டு மடங்கு காட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப் பஞ்சாங்கம் வந்தது. ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு மண்ணெண்ணெய்க் குளியல், ஓட்டி வந்த சூட்டோடு மசகு. செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று என் வகுப்பு ஸ்கேலை வைத்து அளப்பாள். டயர் காற்றை வெயில் ஏறும் முன் பார்த்துவிட வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் போய்வந்தால் மறுநாள் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அந்தச் செம்மண்ணைத் தட்டியே ஆகவேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றம். எனக்கு என் பிறந்தநாள் மறந்துபோகும். அந்த வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை அடுத்து மாற்றும் தேதி தூக்கத்திலும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. தினமும் காலையில் வண்டியை எடுத்ததும் தெருக்குழாய் வரைக்கும், பத்தடி தூரம்தான், மெல்ல உருட்டி முன் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பாள். வாய்க்குள் “பிடிக்குதா?” என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பிடித்தால்தான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்குவாள். “நேத்துப் பிடிச்ச பிரேக் இன்னைக்கா பிடிக்காமப் போயிரும்?” என்று நான் கேலி செய்வேன். “ஓடுற வண்டிய எவன் வேணா வாங்கலாம். நிக்கிற வண்டிய நாமதான் பாத்து வளக்கணும்” என்பாள்.

அந்த வண்டி நூற்றெண்பதுக்கு மேல் போகுமாம். அவள் நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்ட மாட்டாள். “ரோட்டுல ஆடு மாடு, ஆளு பேரு வரும். வேகத்துக்குன்னு ஒரு எடம் இருக்கு” என்பாள். அந்த இடம் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தய டிராக். வருடத்துக்கு ஒரு நாள், பந்தயக்காரர்கள் அல்லாத சாதாரண ஆட்களையும் அங்கே ஓட்ட விடுகிறார்கள். அவளுடைய ஆசை இவ்வளவுதான்: ஒரே ஒரு நாள், எதிரே யாரும் வராத பாதையில், தான் பேணிய வண்டி என்ன செய்யும் என்று பார்த்துவிட வேண்டும்.

போன வருடம் போனாள். முதல் நாள் சாயங்காலம் வண்டியைப் பரிசோதிப்பார்கள். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் துடைத்தார். தாளில் ஒரு புள்ளி எண்ணெய். ஒரே ஒரு புள்ளி. சீல் கசிகிறது, டிராக்கில் எண்ணெய் சொட்டினால் பின்னால் வருகிறவன் விழுவான், விட முடியாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் முழுக்க அவள் வேலிக்கு வெளியே நின்று, கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தாள். நான் பஸ்ஸில் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு ஒரு வருடம் அந்தப் புள்ளிக்காகவே உழைத்தாள். சீல்களைத் தானே மாற்றினாள். அதிகாரி கேட்பதற்கு முன்பே ஆயில் போல்ட்டின் தலையில் ஓட்டை போட்டு, கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டினாள். சிந்தினால் வழுக்கும், டிராக்கில் கூலன்ட் கூடாது என்பதால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர். முன் சக்கரத் தகடுகளைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகள் பாதிதான் தேய்ந்திருந்தன. இருந்தாலும் மார்ச் மாதமே புதுசு போட்டு, பழைய நான்கையும் பேப்பரில் சுற்றிப் பத்திரப்படுத்தினாள். இந்த வருடம் டிராக் நாள் ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனை சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குள். அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

பூஜையன்று அவளும் என் அம்மா மலையம்மாளும் உள்ளே சாமி அலமாரிக்குக் கீழே ஸ்பேனர் செட்டு, இறுக்கும் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச், கிளீனர் டப்பா, என் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வண்டிக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. மாலை போட்டேன். டேங்கில் வைத்தேன். முகப்பில் வைத்தேன். முன் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பளபளவென்று வட்டமாக இரண்டு தகடுகள். பொட்டு வைக்கவே செய்ததுபோல இருந்தன. வைத்துவிட்டேன்.

அவள் வெளியே வந்து பார்த்தாள். “அது பிரேக் டிஸ்குங்க. அதுல ஒண்ணும் படக் கூடாது. தொடச்சு விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு, சுண்டலை இறக்கப் போனாள். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு எனக்கு அது ஞாபகம் வந்தது. அதற்குள் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. வெறும் துணிக்கு வரவில்லை. சாமி படத்துக் கண்ணாடியில் குங்குமம் ஏறினால் அம்மா என்ன செய்வார்? இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். நானும் தொட்டுத் துடைத்தேன். பொட்டு போய்த் தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. பெருமையோடு உறையைப் போட்டு மூடிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. பையைக் கட்டிக்கொண்டு முத்துமீனா வண்டியை எடுத்தாள். நானும் அம்மாவும் வழியனுப்ப வாசலில் நின்றோம். பத்தடி உருண்டது. தெருக்குழாய் வந்தது. வண்டி நிற்கவில்லை. குழாயைத் தாண்டி, எதிரே வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணலுக்கு ஒரு முழம் முன்னால், பின் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

“பிடிக்கல” என்றாள்.

இறங்கி, குந்தி உட்கார்ந்து, டிஸ்கை விரலால் தொட்டு முகர்ந்தாள். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“இதுக்கு யாரு தலைக்கு எண்ணெ தேச்சு விட்டது?”

“பூனை கீனை எதையும் தட்டி விட்டுருக்குமோ?” என்றார் அம்மா, மிகுந்த நம்பிக்கையோடு. நல்ல யோசனையாகத்தான் பட்டது. பூனை வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் போன வருடம் கம்பி வலையைப் பிடித்திருந்த அந்த விரல்கள் இப்போது எண்ணெயோடு என் முன்னால் இருந்தன.

“நாந்தான் மீனா” என்றேன். “பொட்டு போகலன்னு எண்ணெ தொட்டுத் தொடச்சேன்.”

நான் எதிர்பார்த்த இடி விழவில்லை. “எம்புட்டு?” என்று கேட்டாள்.

“ரெண்டு சொட்டு. மூணு இருக்கும்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

“பின்னாடி?”

“பின்னாடி பொட்டு வைக்க மறந்துட்டேன்.”

“நல்ல வேளை” என்றாள். அவ்வளவுதான். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

தகட்டைக் கழுவிவிடலாமாம். ஆனால் பேடு பஞ்சு மாதிரி, குடித்த எண்ணெயைக் கக்காதாம். மாற்றித்தான் ஆகவேண்டும். பூஜை விடுமுறையில் மதுரையில் எந்தக் கடை திறந்திருக்கும்? திறந்தாலும் இந்த வண்டிக்கு மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வருட உழைப்பு என் மூன்று சொட்டு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அவள் உள்ளே போனாள். பழைய பேடுகள் இருந்தன. ஆனால் அவையும் சாமிக்குக் கீழேதான் இருந்தன, மாலை போட்ட ஸ்பேனர்களோடு. பூஜையில் வைத்த பொருளை மறுபூஜை முடியாமல் எடுப்பது எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா நாள்காட்டியைப் பார்த்து, ராகு காலம் கழித்துப் பத்தரைக்குமேல் என்று நேரம் குறித்திருந்தார். பத்தரைக்கு எடுத்து, மாட்டி, இருநூறு கிலோமீட்டர் போனால் நான்கு மணிக்கு எட்டாது. அவள் எதையும் தொடவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. சாமி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னத்தா பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றார் அம்மா.

“பத்தரைக்குத்தானே அத்தை மறுபூசை.”

அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்துச் சூடத்தை ஏற்றினார்.

“சரசுவதி படிச்சவ. அவசரம்னா அவளுக்குத் தெரியாதா? நல்ல நேரமெல்லாம் நமக்குத்தான், சாமிக்கு எந்நேரமும் நல்ல நேரந்தான். கும்பிட்டுட்டு எடு.”

என் ஆயுளில் இவ்வளவு சுருக்கமான பூஜையை நான் பார்த்ததில்லை. அம்மாவே முதலில் அந்தப் பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். நான்கு பேடிலும் சந்தனப் பொட்டு. “அதுலயுமா!” என்றேன். முத்துமீனா திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். பொட்டு எல்லாம் பின்பக்க இரும்புத் தகட்டில் இருந்தது.

“உரசுற பக்கம் ஒண்ணும் படக் கூடாதுன்னு போன வருசமே சொன்னேல்ல. அதான் முதுகுல வச்சேன்” என்ற அம்மா, என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: “வாத்தியாரு வேலை பாக்குறவனுக்கு இது தெரியல.”

பிறகு வாசலில் வேலை நடந்தது. பேடுகளைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றினாள். டிஸ்கைக் கிளீனர் அடித்து மூன்று முறை துடைத்தாள். பழைய பேடுகளின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினாள். துணி பிடிக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு துணியையும் என்னிடம் வாங்குமுன் முகர்ந்து பார்த்தாள். டார்க் ரெஞ்சில் ‘டக்’ என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். “இதுக்கு மேல இறுக்குனா பாசம் இல்ல, புரி போயிரும்” என்றாள். எட்டே முக்காலுக்கு வண்டி உருண்டது. பத்தடி. தெருக்குழாய்க்கு ஒரு சாண் முன்னால், வண்டி முகப்பைத் தாழ்த்தி நின்றது. சீனியம்மாள் அக்கா மாடியிலிருந்து கை தட்டினார்.

“போற வழியில திண்டுக்கல் ரோட்டுல கொஞ்ச நேரம் விட்டு விட்டுப் பிடிச்சாத்தான் பேடு பதம் ஆகும். நீங்க பஸ்ல வாங்க” என்றாள். கிளம்புமுன் திரும்பி, “உங்க ஹெல்மெட்டையும் கொண்டாங்க.”

“பஸ்ஸுக்கா?”

“கொண்டாங்கன்னா கொண்டாங்க.”

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, மடியில் ஹெல்மெட்டோடு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். அவளுடைய வண்டி வரிசையில் கடைசிக்கு முந்தி நின்றது. அதே அதிகாரி. அதே வெள்ளைத் தாள். ஃபோர்க்கில் துடைத்தார், வெள்ளை. எஞ்சினுக்கு அடியில் துடைத்தார், வெள்ளை. டிஸ்கில் துடைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுவும் வெள்ளை. கடைசியாக டார்ச்சை அடித்துக் காலிப்பருக்குள் எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“இதென்னங்க மேடம், உள்ளுக்குள்ள மஞ்சளா என்னமோ தெரியுதுங்க?”

“சந்தனம் சார். நேத்து ஆயுத பூசை.”

அவர் மறுபடி குனிந்து முகர்ந்தே பார்த்தார். “டேங்க்கு மேல வெச்சுப் பாத்திருக்கறனுங்க. பிரேக்குக்குள்ள வெச்சு இப்பத்தான் பாக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே, முகப்பில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார். முத்துமீனா அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டை விரலால் நீவி நீவி அழுத்தினாள். ஒட்டியது போதாதென்று பயந்தவள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை நான் போன வருடம் அவள் நின்ற அதே இடத்தில் நின்றேன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டேன். நேர்ப்பாதை முடியும் இடத்தில், வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டும் இருநூறு, நூறு என்று இரண்டு பலகைகள். காலையில் இருநூறுக்கு முன்பே பிரேக் பிடித்தாள். மத்தியானத்துக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவில். கடைசிச் சுற்றில் கருநீலம் நேர்ப்பாதையில் வந்த வேகத்தைப் பார்த்து வலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இருநூறு பலகை பறந்தது. நூறு பலகை நெருங்கியது. அப்போதுதான் பிடித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி, சொன்ன பேச்சைக் கேட்டு, முன்னால் போன இரண்டு வண்டிகளுக்கும் உள்பக்கமாகப் புகுந்து வளைந்து போனது. தெருக்குழாய்க்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற அதே நிற்பு. நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“உங்க வண்டியாண்ணே?”

“எங்க வீட்டுக்காரி வண்டி” என்றேன். “எண்ணெ மட்டும் நான்.”

நான்கு மணிக்கு அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. பதினோரு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த முறையும் அழுகைதான் வந்தது. இந்த வருட எலுமிச்சைச் சாதம் ஒரு பருக்கை மிஞ்சாமல் காலியானது. பிறகு அவள் டிராக்குக்காக விளக்கில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து, கழற்றி வைத்த கண்ணாடிகளை மாட்டி, குறைத்திருந்த டயர் காற்றை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஹெல்மெட்டப் போடுங்க.”

நான்கு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லி நான் அந்தப் பின்சீட்டில் ஏறாமல் தப்பித்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டினால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் எண்ணெய் தடவியவன் எந்த முகத்தோடு சாக்குச் சொல்வான்? ஏறினேன். உள்ளங்கை அகலமே இருந்தது அந்த சீட்டு. எஞ்சின் எனக்குக் கீழே உறுமியது. கேட்டைத் தாண்டிப் பத்தடி உருட்டி, அவள் பிரேக்கைப் பிடித்தாள். என் ஹெல்மெட் போய் அவள் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று முட்டியது.

அவள் திரும்பாமலே என்னவோ கேட்டாள். எஞ்சின் இரைச்சலில் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

“…பிடிக்குதா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றேன்.

இந்த முறை அவள் திருத்தவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அப்ப நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்க.”